அப்பாவின் 29 நிமிடங்கள்: சைபர் பாதுகாப்புத் துறைக்கு வர விரும்பும் குமரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். இயற்பியல் படித்தவள். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் வேலை செய்கிறேன்.

இந்த வேலைக்கு உங்களை எது கொண்டுவந்தது?

அப்பாவுக்கு வந்த ஓர் எஸ்எம்எஸ்.

2022-ஆம் ஆண்டு, ஆனி மாத மழைக்காலம். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மழையால் பால் வெட்டு நின்றிருந்தது. மரங்கள் முதிர்ந்துவிட்டதால் அவற்றை முறித்துவிட்டு மறுநடவு செய்ய, ரப்பர் ஷீட் விற்ற காசைச் சிறுகச் சிறுக வங்கியில் போட்டு வைத்திருந்தார். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்டக் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை வீடு தாங்க வேண்டிய பணம் அது.

ஒரு நாள் மாலை அவர் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் மின் அலுவலரை அழைக்கவும் என்று இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய செய்திதான். அப்பா அழைத்தார். மறுமுனையில் இருந்தவன் உடைந்த தமிழில், மிகுந்த பணிவோடு பேசினான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். கணினிப் பழுது பார்ப்பவர்கள் தொலைவிலிருந்தே திரையைப் பார்ப்பதற்கு அன்றாடம் பயன்படுத்தும் செயலி அது. அதில் தோன்றிய எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னான். பிறகு, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், பதிவாகிவிடும் என்றான். அப்பா டெபிட் கார்டு விவரத்தைத் தட்டினார். அவர் தட்டியதெல்லாம் அவனுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து வந்த ஓடிபிகளும் தெரிந்தன. மூன்று தவணையாக 48,500 ரூபாய் போய்விட்டது.

அப்பா இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் நான் எழுந்து வந்தபோது திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வெட்டுக்குப் போகாத நாளிலும் நெற்றி விளக்கு அவர் மடியில் இருந்தது. “ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன் மக்களே. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அன்றுதான். நான் அப்போது போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகங்களை அதன் பிறகு திறக்கவில்லை.

பணம் திரும்பக் கிடைத்ததா?

3,100 ரூபாய் மட்டும், பல மாதங்கள் கழித்து.

அன்று காலையிலேயே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்தோம். அந்த எண்ணுக்குப் புகார் போனதும் அது பணம் சென்ற வங்கிக்கு உடனடியாக அனுப்பப்படுகிறது. அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் முடக்கிவிடுவார்கள். ஆனால் மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்காது. வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து நான்காக, நான்கிலிருந்து பத்தாகப் பிரிந்து, கடைசியில் எங்கோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறிவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். எங்கள் வீட்டில் வெட்கம் இரண்டு நாளைத் தின்றுவிட்டது.

சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதும் அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான். பிற்பாடு அந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு அப்பாவின் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. பெரிய நிறுவனங்களும் அவமானத்துக்கு அஞ்சித்தான் மறைக்கின்றன.

அப்பா ஏமாற்றப்பட்ட கோபம்தானே உங்களை ஓட வைக்கிறது?

முதல் ஒரு மாதம் ஓட வைத்தது. பிறகு அது வெறும் எரிச்சலாக மாறியது. ‘யார் செய்தான்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கு என்னிடம் பதில் கிடைக்க வழியே இல்லை. ஒரு நாள் வேறொரு கேள்வி வந்தது. ‘இது எப்படிச் சாத்தியமானது?’ இந்தக் கேள்விக்குப் பதில் தேட அப்பாவின் கைபேசி கையில் இருந்தது. நான் இந்தத் துறைக்குள் நுழைந்தது அந்தக் கேள்வி வழியாகத்தான்.

ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினேன். மாலை 6.42, எஸ்எம்எஸ். 6.50, அப்பா அழைக்கிறார். 6.57, செயலி இறங்குகிறது. 7.04, பத்து ரூபாய். 7.06, இருபதாயிரம். 7.07, இன்னோர் இருபதாயிரம். 7.11, எட்டாயிரத்து ஐந்நூறு, அழைப்பு துண்டிப்பு. மொத்தம் 29 நிமிடம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினேன். இந்த இடத்தில் எது தடுத்திருக்கும்?

முதல் வரியிலேயே இரண்டு விடைகள் கிடைத்தன. செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கியோ மின்வாரியமோ அனுப்பும் செய்திகள் எழுத்துகளால் ஆன பெயரோடு வருவதுதான் நடைமுறை. இன்னொன்று, ‘சென்ற மாத மின்கட்டணம்’ என்று இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தமிழ்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் எழுதிய செய்தி அது. இதை அப்பாவிடம் காட்டியபோது அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார். “இதை நான் பார்த்திருக்க வேண்டும்” என்றார். 9.30 மணிக்கு வீடு இருளப்போகிறது என்று பயந்தவர் கண்ணில் அது படாது என்றேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் நிமிர்ந்து பேசினார்.

நான் எழுதிய முதல் சம்பவ அறிக்கை அதுதான். இன்றும் வேலையில் அதே முறையில்தான் எழுதுகிறேன். நேரம், நடந்தது, தடுத்திருக்கக்கூடியது. உங்களுக்குள் ஒரு காயம் இருந்தால் அதை நோட்டில் இறக்கி, நிமிடம் நிமிடமாகப் பிரியுங்கள். பிரிக்கப் பிரிக்கக் கோபம் குறைந்து ஆர்வம் கூடுகிறதென்றால் இந்தத் துறை உங்களுக்குச் சரியாக வரும். கோபம் மட்டும்தான் மிஞ்சுகிறதென்றால் கொஞ்ச நாள் பொறுத்து மீண்டும் பாருங்கள்.

என் வீட்டில் இப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்குத் தூண்டுதல் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளின் குரலில் ஒரு சின்னக் குற்ற உணர்வு இருக்கும். அது வேண்டாம். ஒன்றும் நடக்காத வீடு நல்ல வீடு.

நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இத்தனை படித்த ஊரிலும் ஏமாறுகிறார்கள் என்றால் குறை படிப்பில் இல்லை. மோசடிக்காரன் பயத்தையும் அவசரத்தையும் வைத்துத் தொழில் நடத்துகிறான். எங்கள் அப்பா நாள் தவறாமல் செய்தித்தாள் படிப்பவர்.

வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு நம்மிடம் குறைவு. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம், தனியாக இருக்கும் அம்மா, அவர் கையில் மகன் வாங்கிக் கொடுத்த கைபேசி. குளச்சலில், முட்டத்தில், சின்னமுட்டத்தில் கடலுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டுக் கணக்கை ஒற்றை ஆளாகப் பார்க்கும் பெண்கள். தோவாளைச் சந்தையில் பூ விற்ற காசை க்யூஆர் அட்டை வழியாக வாங்கும் வியாபாரி. இவர்களில் ஒருவர் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்து அவர் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். எந்தச் செய்தியை நம்புகிறார், ஓடிபியை யாரிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறார், பின் எண்ணை எங்கே எழுதி வைத்திருக்கிறார். அந்த அரை மணியில் உங்களுக்குக் கேள்விகள் பிறக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் சென்று, கடவுச்சீட்டைப் பறித்து, மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸ் பக்கத்து மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்து, பிறரை ஏமாற்றச் சொல்லி இளைஞர்களை அடிக்கிறார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். வெளிநாட்டு வேலை என்றால் வீட்டை அடகு வைக்கவும் தயாராக இருக்கும் நம் ஊருக்கு இது தொலைவான செய்தி ஆகாது. 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். என் அப்பாவிடம் பணிவாகப் பேசியவனும் அடி வாங்கிய ஒரு பிள்ளையாக இருந்திருக்கலாமோ என்று நான் நினைத்ததுண்டு.

ஏமாற்றியவனைத் திருப்பி ஹேக் செய்ய முடியாதா?

முயலாதீர்கள். அனுமதி இல்லாமல் ஒருவர் கணினிக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது உங்கள் நாணயத்தை. பயிற்சிக்கென்றே உருவாக்கிய தளங்களில் உடைத்துப் பழகுங்கள். உண்மையான ஓர் இணையதளத்தில் ஓட்டை கண்ணில் பட்டால் உரியவருக்கோ செர்ட்-இன்னுக்கோ எழுதுங்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம்.

வேலை உண்மையில் எப்படி இருக்கும்? படங்களில் வருவதுபோலவா?

இல்லை. பெரும்பாலும் பொறுமையான வேலை. நிறுவனத்தின் கணினிகள் ஒவ்வொன்றும் யார் நுழைந்தார், எப்போது, எங்கிருந்து என்று பதிவு எழுதிக்கொண்டே இருக்கும். அவற்றைத் திரட்டும் மென்பொருள் சந்தேகமானதைக் கண்டால் எச்சரிக்கை எழுப்பும். எட்டு மணி நேரப் பணியில் வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உண்மையா பொய்யா என்று பிரிக்க வேண்டும். பெரும்பாலானவை பொய்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு இரண்டு மணி. ஓர் ஊழியர் சென்னையிலிருந்து நுழைந்த பன்னிரண்டாவது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்தும் நுழைந்ததாக எச்சரிக்கை. பன்னிரண்டு நிமிடத்தில் யாரும் அங்கே போக முடியாது. பார்த்தவுடன் கை பரபரக்கும். ஆனால் முதலில் அதே கணினியா என்று பார்க்க வேண்டும். அதே கணினிதான். அந்த ஐரோப்பிய முகவரி யாருடையது? நிறுவனமே பயன்படுத்தும் விபிஎன் சேவையுடையது. இணைப்பை வேறோர் ஊர்க் கணினி வழியாகச் சுற்றிவிடும் சேவை அது. அவர் விபிஎன்னைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். குறிப்பு எழுதி மூடிவிடுவேன். இப்படி நாற்பது மூடியபின் நாற்பத்தொன்றாவது வேறு கணினியாக இருக்கும். அதையும் முதல் எச்சரிக்கையைப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் கடினம். பால் வெட்டுவதும் அப்படித்தான் என்பார் அப்பா. கடைசி மரத்திலும் கத்தி அதே ஆழத்தில் இறங்க வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம்.

இந்தத் துறையில் கண்காணிப்பு ஒரு கிளைதான். ஊடுருவல் சோதனை, தடயவியல், செயலிப் பாதுகாப்பு, தணிக்கை, சட்ட இணக்கம் எனப் பல இருக்கின்றன. கணக்கியல் படித்தவர்கள் தணிக்கைப் பக்கம் மிக நன்றாக வருகிறார்கள்.

கணினி அறிவியல் படிக்கவில்லை, தமிழ் வழியில் படித்தேன். முடியுமா?

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முடியும். ஆனால் அடித்தளத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது. முதல் நான்கு மாதம் வலையமைப்பு (நெட்வொர்க்) மட்டும் படித்தேன். ஒரு முகவரியைத் தட்டியதும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் என்ன செய்கிறது, இரு கணினிகளை இணைக்கும் டிசிபி எப்படிக் கைகுலுக்குகிறது, தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் எதை மறைக்கிறது, எதை மறைக்கவில்லை என்று. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் என் சொந்தக் கணினியின் போக்குவரத்தைத் திறந்து பார்த்த இரவு, புத்தகத்தில் படித்த சொற்கள் வரிவரியாகத் திரையில் ஓடின. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு லினக்ஸ் இயங்குதளம், அதற்கு ஓவர்திவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு. பிறகு கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி. டிரைஹேக்மி, பிகோசிடிஎஃப் ஆகிய பயிற்சித் தளங்களில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. இணையச் செயலிகள் பக்கம் போக விரும்பினால் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலைப் படியுங்கள். 2021 பட்டியலில் முதலிடம் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டுக்கு. அடுத்தவர் கோப்பைத் திறக்க உனக்கு உரிமை உண்டா என்று செயலி கேட்காமல் விடுவதுதான் அது.

ஆங்கிலம் வேண்டும், மறைக்கவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் அது இலக்கிய ஆங்கிலம் இல்லை. என்ன நடந்தது என்று ஐந்து வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும்.

லட்சங்களில் கட்டணம் கேட்டு வேலைக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று சொல்லும் பயிற்சி நிலையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தப் பணத்தில் ஒரு பழைய மடிக்கணினியும், காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் போன்ற ஒரு சான்றிதழ்த் தேர்வும், ஓராண்டு இணைய இணைப்பும் முடிந்துவிடும்.

குமரியில் இருந்துகொண்டே இந்த வேலை கிடைக்குமா?

மாவட்டத்துக்குள் இன்னும் குறைவு. ஆனால் கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா நமக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். குழித்துறையில் ரயில் ஏறிப் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் போய் வந்தேன்.

இங்கெல்லாம் யார் தாக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் கூடங்குளத்தைச் சொல்வேன். நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். 2019 அக்டோபரில் அந்த அணுமின் நிலையத்தில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததாகப் பேச்சு எழுந்தபோது முதலில் மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று விளக்கினார்கள். அந்தப் பிரிப்பை யாரோ சிலர் முன்கூட்டியே யோசித்துச் செய்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. நான் சேர விரும்பியது அந்தக் கூட்டத்தில்.

நேர்முகத் தேர்வில் சொந்த அனுபவத்தைச் சொல்லலாமா?

சொல்லலாம், இரண்டு நிமிடத்துக்குள். இரக்கம் தேடும் குரலில் சொன்னால் எதிரே இருப்பவருக்கு அடுத்து என்ன கேட்பதென்றே தெரியாது. நான் அந்த நோட்டையே கொண்டுபோனேன். கேள்வி கேட்டவர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, 7.06-க்கும் 7.07-க்கும் இடையே வங்கி எதைக் கவனித்திருக்கலாம் என்று கேட்டார். வழக்கமாக மாதம் இரண்டாயிரம் எடுக்கும் கணக்கில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு இருபதாயிரம் என்றேன். அதன் பிறகு என் அப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்பது நிமிடமும் அந்த அட்டவணையைப் பற்றித்தான் பேசினோம்.

குடும்பத்தாரின் கதையைச் சொல்லும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்பாவிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

இரவுப் பணி என்றால் வீட்டில் விடமாட்டார்களே?

பெண் பிள்ளைகள் கேட்பது. எல்லாப் பிரிவிலும் இரவுப் பணி இல்லை. இருக்கும் இடத்தில் வாகன வசதியைச் சேருமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவை ஒரு முறை அலுவலக வாசல் வரை அழைத்துப் போனேன், அதன் பிறகு அவர் கவலை பாதியானது.

ஆர்வம் வற்றிப்போனால்?

வற்றும். எனக்கு எட்டாவது மாதத்தில் வற்றியது. தொடர்ந்து இரவுப் பணி, பொய் எச்சரிக்கைகள், கண்ணெரிச்சல். ஒரு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்தேன். நல்ல தூக்கத்தைவிட மருந்து இதற்கு இல்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் அப்பாவோடு ஷீட் விற்கக் கடைக்குப் போனேன். அங்கே ஒருவர், வங்கியிலிருந்து கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது என்று கைபேசியை நீட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா அதை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, அனுப்பிய எண்ணை முதலில் பார்த்தார். “பத்து இலக்கம். தொடாதே. வங்கிக்கே போய்க் கேள்” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தனக்கு நடந்ததை அத்தனை பேர் முன்னாலும் சொன்னார், தொகை உட்பட. நான் எடைத் தராசுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போதே எங்கள் வீட்டில் இப்படி நடந்துவிட்டால் என்ன செய்வது?

1930-ஐ அழையுங்கள். கூடவே வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்கையும் முடக்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். நாம் விவரம் கொடுத்ததால் போன பணம் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. ஆகவே தெரிவித்த நேரத்தைக் குறித்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். திரையைக் காட்டும் செயலி இருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, படம் பிடித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம்.

பெரியவர் சொல்லத் தயங்கினால் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேளுங்கள். அவர் மணியைச் சொல்லத் தொடங்கினால் மீதியையும் சொல்லிவிடுவார்.